மாமாவை ஏற்றலாமா?

1935-ல் டாட்டா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம் ஒன்று பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். பயணிகள் இரண்டே பேர்: டாட்டா அதிகாரி ஜாம்ஷெட் நவ்ரோஜி, திருவிதாங்கூர் அரசின் பம்பாய் வணிக முகவர் கான்ஜி துவாரகாதாஸ். மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தும் கூட வந்தது. நவம்பர் 1-ஆம் தேதி அதே விமானம் திருவிதாங்கூர் அஞ்சல் பைகளை ஏற்றிக்கொண்டு திரும்பியது. நம்முடைய தக்கலையும் பத்மநாபபுரமும் அப்போது அந்த அரசின் கீழ்தான் இருந்தன. நமக்கும் அதுதான் முதல் விமானத் தபால்.

அந்த விமானத்தின் அமைப்பு விநோதமானது. பயணிகள் முன்னால் ஒரு மூடிய சிறு அறைக்குள் உட்காருவார்கள். விமானி அவர்களுக்குப் பின்னால், மேலே, திறந்த இருக்கையில் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு உட்காருவார். எந்தப் பயணியும் விமானியின் தோளைத் தட்டி, "கொஞ்சம் தாழ்வாப் போங்களேன், எங்க வீடு தெரியுதான்னு பாக்கணும்" என்று சொல்லிவிட முடியாது. பிற்கால வடிவமைப்பாளர்கள் விமானியையும் உள்ளே கொண்டுவந்து பயணிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வசதி கூடியது. அதோடு ஒரு புதிய ஆபத்தும் கூட ஏறியது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

திருவனந்தபுரத்தில் 1932-ல் பறக்கும் கழகமும் அதையொட்டி விமானத் தளமும் தொடங்கக் காரணமாக இருந்தவர் கர்னல் கோதவர்ம ராஜா. அவரே ஒரு விமானி. 1971-ல் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் இறந்தார். இன்றும் அந்தத் தளத்தில் பறக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தக்கலையிலிருந்து அது காரில் போய்விடும் தூரம்தான். ஆகவே, தக்கலைப் பையன் ஒருவன் அங்கே போய்த் தனியார் விமானி உரிமம் வாங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பதினேழு வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது நாற்பது மணி நேரம் பறந்திருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் தேர்வுகளும் தேற வேண்டும். பணம் இருந்தால் நடக்காத காரியம் அல்ல.

இந்த உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. சட்டம் இதை வேறு காரணங்களுக்காக வைத்திருக்கிறது. ஆனால் அதன் பக்கவிளைவை நினைத்துப் பாருங்கள். ஏர் இந்தியா விமானிக்குப் பயணிகள் எல்லோரும் அந்நியர்கள். அவர்களின் எடையைக் கணக்கிடவும், குடித்திருப்பவரைத் தடுக்கவும், கதவைச் சாத்தவும் தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். தனியார் விமானிக்குப் பயணி என்று வந்தாலே அது சொந்தக்காரராகவோ நண்பராகவோ நண்பரின் நண்பராகவோதான் இருக்கும். தராசும் அவனே, காவலும் அவனே, கதவும் அவனே. உரிமம் வாங்கிய மறுவாரம் தாய்மாமன் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "ஒரு சுத்து சுத்திக் காட்டுடே மருமவனே" என்பார். காது குத்தும்போது மடியில் உட்கார்த்தி வைத்தவர். அவரிடம் எப்படி முடியாது என்பது?

எளிதான மறுப்புகளை முதலில் முடித்துவிடுவோம். குடித்திருப்பவரை ஏற்றக் கூடாது. அமெரிக்க விதி இதை விமானியின் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது: போதையில் இருப்பதாகத் தோன்றினாலே போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் 2017 முதல் விமானத்தில் ரகளை செய்பவர்களை மூன்று தரமாகப் பிரித்து, மூன்று மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்கு மேலும் பறக்கத் தடை விதிக்க வழி இருக்கிறது. அது பெரிய நிறுவனங்களுக்கானது. நம் பையனுக்குக் கல்யாண வீட்டிலிருந்து நேரே வரும் சித்தப்பாவை மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இதில் அறிவியல் அதிகம் இல்லை.

அறிவியல் தொடங்குவது எடையில். செஸ்னா 172 உலகத்தில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட சிறு விமானம், நான்கு இருக்கை. அதன் எஸ் ரகத்தில் புறப்படும்போது மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக் கூடாது. வெற்று விமானம் மட்டுமே சுமார் 770 கிலோ. மிச்சம் 390 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. டாங்கியை நிரப்பினால் எரிபொருள் மட்டும் 144 கிலோ. இனி மனிதர்களுக்கும் பைகளுக்குமாகச் சேர்த்து 245 கிலோகூட இல்லை. விமானி 70, மாமா 92, அத்தை 74 என்று எழுதிக் கூட்டினால் மூன்று பேரோடு கணக்கு முடிந்துவிடுகிறது. மாமா மகனுக்கு இருக்கை காலியாக இருக்கும்; எடை இருக்காது. நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் ஏறலாம் என்று நினைப்பது அம்பாசடர் காலத்துப் பழக்கம். எரிபொருளைக் குறைத்து நால்வரும் ஏறலாம். ஆனால் அப்போது தூரம் குறையும், திரும்பி வர இடம் தேடும் அவகாசமும் குறையும்.

வெயில் இன்னொரு பயணி. விமானச் சிறகு காற்றை உதைத்துத்தான் எழும்புகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. கடல் மட்டத்தில் 35 டிகிரி வெயில் அடித்தால், விமானத்துக்கு அது சுமார் 2,400 அடி உயரத்திலிருந்து புறப்படுவது போலத்தான். என்ஜினின் வலு குறையும், ஓடுபாதையில் ஓட்டம் நீளும், ஏறும் வேகம் தளரும். மார்கழிக் காலையில் எழும்பிய அதே எடை சித்திரை மதியத்தில் எழும்ப மறுக்கலாம்.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். பறக்கும் விமானத்தின் எடை மையம், சிறகின் தூக்குவிசை செயல்படும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும்படி அமைத்திருப்பார்கள். அதனால் மூக்கு கீழே சாயப் பார்க்கும். வால் மெல்லக் கீழ்நோக்கி அழுத்தி அதைச் சமன்செய்யும். இந்த இழுபறிதான் விமானத்துக்கு நிதானம் கொடுக்கிறது. காற்றில் ஒரு குலுக்கல் வந்தாலும் மூக்கு தானாகப் பழைய நிலைக்கு வரும். கனமானவர்களைப் பின்னால் உட்காரவைத்து, அதற்கும் பின்னால் நேந்திரங்காய் வற்றல் டின்களை அடுக்கினால் எடை மையம் பின்வாங்கும். நிதானம் தேயும். வரம்பைத் தாண்டிவிட்டால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு சிறகு காற்றின் பிடியை இழக்கும்போது, அதைக் கீழே இறக்கி மீட்க வாலுக்குச் சக்தி போதாது. விமானி கைப்பிடியை முழுதாக முன்னால் தள்ளியும் பயன் இருக்காது.

2003 ஜனவரி 8-ஆம் தேதி அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் சிறு விமானம் புறப்பட்டவுடன் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுந்தது. 21 பேரும் இறந்தார்கள். வாலை இயக்கும் கம்பி தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்தது ஒரு காரணம். எடை வரம்பைத் தாண்டி, எடை மையமும் பின்னால் போயிருந்தது இன்னொன்று. பயணிகளை யாரும் எடை போடவில்லை. சராசரி மனிதனின் எடை என்று புத்தகத்தில் இருந்த எண்ணைப் பெருக்கி எழுதியிருந்தார்கள். சராசரி மனிதன் பருத்துப் பல வருடம் ஆகியிருந்தது, புத்தகத்துக்கு அது தெரியவில்லை. விபத்துக்குப் பிறகே அமெரிக்க அரசு அந்த எண்ணை உயர்த்தியது.

எடை உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2010 ஆகஸ்டில் காங்கோவின் பந்துந்து நகரில் விழுந்த விமானத்தில் ஒருவர் மட்டும் பிழைத்தார். யாரோ பைக்குள் மறைத்துக் கொண்டுவந்த முதலை வெளியே வந்ததாகவும், பயந்துபோன பயணிகள் மொத்தமாக முன்பக்கம் ஓடியதில் விமானம் கட்டுப்பாட்டை இழந்ததாகவும் அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. நம் ஊரில் முதலை வராது. சேவற்கோழி வரலாம்.

ஆக, பையன் மாமாவிடம் எடை கேட்டே ஆக வேண்டும். அத்தையிடமும் கேட்க வேண்டும், இதற்கு இன்னும் துணிச்சல் தேவை. பெரும்பாலானோர் ஐந்தாறு கிலோ குறைத்தே சொல்வார்கள். வீட்டில் ஒரு தராசு வாங்கி வைத்து எல்லோரையும் பையோடு ஏற்றி நிறுத்துவதுதான் உத்தமம். தராசில் ஏற மறுப்பவரை விமானத்திலும் ஏற்ற வேண்டாம் என்பது என் கட்சி. இதில் இரக்கம் பார்க்க ஒன்றுமில்லை.

உடம்பு சம்பந்தமான மறுப்புகள் அடுத்தவை. செஸ்னா போன்ற விமானங்களுக்குள் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் ஏற்பாடு கிடையாது. வெளியே என்னவோ உள்ளேயும் அதுதான். நமக்குக் கிழக்கே மகேந்திரகிரி 1,654 மீட்டர். அந்தத் தொடரைப் போதிய இடைவெளி விட்டுத் தாண்ட 2,400 மீட்டர் ஏறினால், காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்காகக் குறையும். மூடிய இடத்தில் அடைபட்ட வாயு அங்கே மூன்றில் ஒரு பங்கு விரியும். சளி பிடித்தவரின் நடுச்செவியில் அடைபட்ட காற்று ஏறும்போது எப்படியோ வெளியேறிவிடும்; இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே நுழைய முடியாமல் செவிப்பறை உட்புறம் இழுபடும். குழந்தை அலறும். பெரியவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

அதைவிட மோசமான ஒன்று பலருக்குத் தெரியாது. விழித்திரை விலகியதற்கு அறுவை செய்துகொண்டவர்களின் கண்ணுக்குள் சில சமயம் வாயுக் குமிழ் வைப்பார்கள். அது கரைய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் உயரே போனால் குமிழ் விரிந்து கண்ணின் அழுத்தம் எகிறும், பார்வையே போகலாம். மலை ரோட்டில் காரில் ஏறினாலும் இதே அபாயம் உண்டு. திருநெல்வேலியிலோ மதுரையிலோ கண் ஆபரேஷன் முடித்துவந்த பாட்டியை ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பும் பேரன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழ்கடலில் முக்குளித்தவர்களுக்கும் அப்படித்தான். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். ஒரு முழு நாள் காத்திருப்பது நல்லது.

பயத்துக்கு வருவோம். சிறு விமானங்கள் பெரும்பாலானவற்றில் முன்வரிசையில் இரண்டு பக்கமும் கைப்பிடி, இரண்டு பக்கமும் பெடல். கற்றுக்கொடுப்பதற்காக வந்த ஏற்பாடு இது. விமானம் சரிந்து திரும்பும்போது பயப்படும் மனிதன் செய்யும் முதல் காரியம் எதையாவது பற்றிக்கொள்வது. கால்கள் முன்னால் உதைத்து ஊன்றிக்கொள்ளும். அவன் பற்றுவது கைப்பிடியாக இருக்கும், ஊன்றுவது பெடலாக இருக்கும். தொண்ணூறு கிலோ ஆள் பயத்தில் பிடித்த பிடியை எழுபது கிலோ ஆள் ஒற்றைக் கையால் விடுவிக்க முடியாது. ஆகவே பயப்படுபவரைப் பின்னால் உட்காரவை என்பார்கள்.

இங்கேதான் சிக்கல். கனமானவரை முன்னால் வை என்கிறது எடைக் கணக்கு. பயப்படுபவரைப் பின்னால் வை என்கிறது அனுபவம். மாமா இரண்டுமாக இருந்தால்? அவருக்கு அந்த விமானத்தில் இருக்கையே இல்லை என்றுதான் அர்த்தம். வேறு விமானத்தில் இருக்கலாம், வேறு ஆட்களோடு இருக்கலாம். இப்படித் துல்லியமாகக் கணக்குப் போட்டு வரும் மறுப்பு அரிது. அது கிடைத்தால் பையன் சந்தோஷப்பட வேண்டும், காகிதத்தைக் காட்டிவிடலாம்.

காகிதத்தில் வராத பயணி ஒருவர் இருக்கிறார். எடை சரி, உடம்பு சரி, குடிப்பதில்லை, பயப்படுவதில்லை. அவர் ஏறி உட்கார்ந்ததும் விமானியின் மூளை வேறு மாதிரி கணக்குப் போடத் தொடங்கும். இருக்கும் பயணிகளிலேயே அவர்தான் ஆபத்தானவர் என்பது என் கருத்து.

முதலில் அவர் எதன் பக்கம் விமானியைத் தள்ளுகிறார் என்று பார்ப்போம். நம்முடைய பகுதியில் ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று மேகத்தைக் கொண்டுவந்து வேளிமலையிலும் அதற்கு வடக்கே உயரும் மலைகளிலும் அடுக்குகிறது. பேச்சிப்பாறைப் பக்கம் மலை இருக்கிறதா என்றே தெரியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மட்டும் காற்று வழி கண்டுபிடித்துப் பாயும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். கணவாயைக் கடந்த காற்று மலையின் மறுபுறத்தில் கீழே இறங்கும். சிறு விமானம் ஏறும் வேகத்தைவிட அந்த இறக்கம் வேகமாக இருக்கலாம்.

தனியார் விமானி உரிமம் மட்டும் வைத்திருப்பவர் கண்ணால் பார்த்துப் பறக்க வேண்டியவர். கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் பறப்பது தனிப் பயிற்சி. மேகத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? நம் உட்செவியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது குழல் திரும்பும். திரவம் சற்றுப் பின்தங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் மூளை திருப்பம் என்று உணர்கிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் இருபது நொடிக்குள் திரவமும் குழலின் வேகத்தை எட்டிவிடும். உடனே உணர்வு நின்றுபோகும். சரிந்து வட்டமடிக்கும் விமானத்தில் நேராகப் போவதாக விமானி சத்தியம் செய்வார். கருவியைப் பார்த்து நேராக்கினாலோ எதிர்ப்பக்கம் சரிவதாகத் தோன்றும். மறுபடி பழைய சரிவுக்கே போவார். வட்டம் இறுகும், உயரம் குறையும், மூக்கைத் தூக்கத் தூக்க வட்டம் இன்னும் இறுகும்.

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத இருபது விமானிகளை நிஜ விமானத்தில், வெளியே பார்க்க முடியாதபடி மறைத்து ஓட்டவிட்டார்கள். அருகில் தேர்ந்த விமானி இருந்தார். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். இருபது நொடியில் இழந்தவரும் உண்டு, எட்டு நிமிடம் தாக்குப்பிடித்தவரும் உண்டு. சராசரி 178 நொடி, மூன்று நிமிடத்துக்கும் குறைவு. தேர்ந்தவர்களுக்கும் விதிவிலக்கில்லை. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ராணுவ ஹெலிகாப்டர் விழுந்ததை விசாரித்த முப்படைக் குழு, பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையால் மேகத்துக்குள் புகுந்ததையும் அதனால் விமானிக்கு ஏற்பட்ட திசைக் குழப்பத்தையும்தான் காரணமாகச் சொன்னது.

இப்போது மாமாவை அருகில் உட்காரவையுங்கள். தூரத்தில் மேகம் தெரிகிறது. "மேகம் கெடக்கட்டுடே, ஒரு பத்து நிமிசம் போய்ப் பாப்பமே. முடியலேன்னா திரும்பிரலாம்." இதில் மிரட்டல் இல்லை, அதிகாரம் இல்லை. ஆனால் 178 நொடிக்கு எதிராகப் பத்து நிமிடம் கேட்கிறார். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோ, வீக்மன் இருவரும் அமெரிக்காவில் 1990-களில் நடந்த சிறு விமான விபத்துகளை ஒப்பிட்டார்கள். கண்ணால் பார்த்துப் பறக்க வேண்டியவர்கள் மோசமான வானிலைக்குள் நுழைந்து விழுந்த சம்பவங்களில், உடன் பயணிகள் இருந்தது மற்ற விபத்துகளைவிட அதிகம். கூட ஆள் இருந்தால் எச்சரிக்கை கூடும் என்றுதான் நாம் நினைப்போம். கூடுவது கூச்சம்.

பயணி வாய் திறக்கவே வேண்டியதில்லை. 2020 ஜனவரி 26-ஆம் தேதி கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், அவர் மகள் உட்பட ஒன்பது பேரோடு ஹெலிகாப்டர் மூடுபனியில் மலையில் மோதியது. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பிரையன்ட் தரப்பிலிருந்து நிர்ப்பந்தம் வந்ததற்குச் சான்று இல்லை என்றது. இந்த வாடிக்கையாளரை ஏமாற்றக் கூடாது என்று விமானி தனக்குத்தானே ஏற்றிக்கொண்ட அழுத்தத்தைத்தான் காரணங்களுள் ஒன்றாக எழுதியது. அன்பும் மரியாதையும்கூட விபத்தறிக்கையில் இடம்பெறும்.

வாய் திறந்தவர்களும் உண்டு. 2001 மார்ச் 29-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கொலராடோ மலையில் உள்ள ஆஸ்பென் நகருக்கு ஒரு வாடகை ஜெட் கிளம்பியது. பயணிகள் தாமதமாக வந்தார்கள். ஆஸ்பெனில் இருட்டிய பிறகு இறங்கத் தடை. வேறு ஊரில் இறங்க நேரலாம் என்று சொன்னதும் வாடகைக்கு எடுத்தவர் கோபப்பட்டு, நிறுவனத்துக்குப் போன் போட்டுப் புகார் சொல்லவைத்தார். இவர் இரவு விருந்துக்கு நிறையச் செலவு செய்திருக்கிறார், எப்படியாவது இறங்க வேண்டும் என்று விமானி சொல்லியிருக்கிறார். முன்னால் போன விமானங்கள் பனியில் ஓடுபாதை தெரியாமல் திரும்பிக்கொண்டிருந்தன. இந்த விமானத்தில் பயணி ஒருவர் விமானி அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தார். 18 பேரும் இறந்தார்கள். வாடிக்கையாளரின் அழுத்தம் என்பதைப் பாதுகாப்பு வாரியம் காரணங்களில் வெளிப்படையாகச் சேர்த்தது. ஒரு விருந்துக்கான செலவு என்ன பெரிய தொகையாக இருந்திருக்கப் போகிறது!

மறுத்தவரின் கதையும் ஒன்று இருக்கிறது. 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது போலந்து அதிபர் லேக் கச்சின்ஸ்கி அதன் தலைநகர் திபிலிசிக்குப் பறந்தார். போதிய தகவல் இல்லாமல் அங்கே இறங்க முடியாது என்று விமானி க்ஷெகோஷ் பியெத்ருச்சுக் மறுத்து, பக்கத்து நாடான அஜர்பைஜானின் கஞ்சா நகரில் இறக்கினார். அதிபர் அங்கிருந்து ரோட்டில் போக வேண்டியிருந்தது, கடும் கோபம். அரசியல்வாதிகள் விமானியைக் கோழை என்றார்கள். பின்னர் ராணுவ அமைச்சகம் அவருக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. அன்று துணை விமானியாக உட்கார்ந்து அத்தனையையும் பார்த்தவர் அர்காதியுஷ் ப்ரோதாசியுக். 2010 ஏப்ரல் 10-ஆம் தேதி அதே அதிபரை ஏற்றிக்கொண்டு ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் நகருக்குப் போன விமானத்தில் அவர்தான் தலைமை விமானி. அடர்ந்த மூடுபனி. 96 பேர் இறந்தார்கள். விமானி அறையில் அன்று யார் இருந்தார், என்ன சொன்னார் என்பதில் ரஷ்ய அறிக்கைக்கும் போலந்து அறிக்கைக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. 2008-ல் நடந்தது ப்ரோதாசியுக்கின் நினைவில் இருந்ததா என்பதற்கு எந்த அறிக்கையும் பதில் சொல்ல முடியாது. என்னால் அந்தக் கேள்வியை விடவும் முடியவில்லை.

நம் நாட்டில் 1980 ஜூன் 23-ஆம் தேதி சஃப்தர்ஜங் தளத்திலிருந்து பிட்ஸ் சாகச விமானத்தில் சஞ்சய் காந்தி பறந்தார். உடன் போனவர் டெல்லி பறக்கும் கழகத்தின் பயிற்றுநர் சுபாஷ் சக்சேனா. இருவரும் இறந்தார்கள். கற்றுக்கொடுக்கும் ஒருவர், பிரதமரின் மகனிடம் இன்றைக்கு வேண்டாம் என்று எவ்வளவு தூரம் சொல்லியிருக்க முடியும்? இதுவும் தனியார் விமானியின் கேள்விதான், திருப்பிப் போட்டுக் கேட்கப்பட்டது.

சொந்த ரத்தத்தின் கதை இன்னும் கொடியது. 1994 மார்ச் 23-ஆம் தேதி மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் போன ஏரோஃப்ளோட் விமானத்தில் விமானி ஒருவர் தன் பிள்ளைகளை ஆசையாகத் தன் இருக்கையில் உட்காரவைத்தார். தானியங்கி ஓட்டத்தில் இருந்ததால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தார். பதின்வயது மகன் கைப்பிடியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்ததில் தானியங்கியின் ஒரு பகுதி மட்டும் சத்தமில்லாமல் விலகிக்கொண்டது. விமானம் மெல்லச் சரியத் தொடங்கியதை முதலில் கவனித்ததும் அந்தப் பையன்தான். சைபீரியாவில் விழுந்து 75 பேர் இறந்தார்கள். தேர்ச்சி பெற்ற விமானிகள், நல்ல விமானம், நல்ல வானிலை. கெட்டது ஒன்றுதான்: மகனுக்கு முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் அப்பா சொல்லவில்லை.

இதற்கெல்லாம் மன உறுதி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மன உறுதியை நம்பி எதையும் நடத்தக் கூடாது என்பதுதான் விமானத்துறை நூறு ஆண்டில் கற்றுக்கொண்டது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகைப் பாருங்கள். கடல் கொந்தளித்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் பூம்புகார் கப்பல் கழகம் சேவையை நிறுத்திவிடுகிறது. டிக்கெட் கவுண்டரில் தகவல் தொங்கும். வடக்கேயிருந்து குடும்பத்தோடு வந்தவர் எவ்வளவு கெஞ்சினாலும் படகு ஓட்டுபவரிடம் பேச்சே இல்லை. அவர் கையில் அந்த முடிவு இல்லை. தனியார் விமானிக்குக் கவுண்டர் கிடையாது. அவன் ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

விவரமான விமானிகள் அதைத் தாளில் கட்டுகிறார்கள். மேகத்தின் அடிப்பகுதி இத்தனை அடிக்குக் கீழே இருந்தால் பறப்பதில்லை, பக்கவாட்டுக் காற்று இவ்வளவுக்கு மேல் இருந்தால் பறப்பதில்லை, மலைப்பக்கம் மதியத்துக்குப் பிறகு போவதில்லை என்று பயணிகள் யாரும் வருவதற்கு முன்பே, நிதானமாக வீட்டில் உட்கார்ந்து எழுதி வைக்கிறார்கள். சட்டம் அனுமதிப்பதைவிட இது கடுமையாக இருக்கும். மாமா வந்து நிற்கும்போது புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை. பழைய முடிவை வாசித்துக் காட்டினால் போதும். பயிற்றுநரிடம் ஒரு நகலைக் கொடுத்துவைப்பது இன்னும் நல்லது. "நான் ரெடிதான் மாமா, எங்க சார் விட மாட்டாரு" என்று பழியைத் தூக்கி வேறு தோளில் வைக்கலாம். இதில் வெட்கம் இல்லை. பெரிய விமான நிறுவனங்களின் தலையணை கனத்துக் கையேடுகள் செய்வதும் இந்தப் பழிமாற்றத்தைத்தான்.

பேச்சுக்கும் ஒரு விதி உண்டு. 1974-ல் சார்லட்டில் இறங்கும்போது விமானிகள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்ததால் நேர்ந்த ஈஸ்டர்ன் விமான விபத்துக்குப் பிறகு, பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலை தொடர்பில்லாத பேச்சு கூடாது என்று அமெரிக்கா 1981-ல் விதி கொண்டுவந்தது. சிறு விமானம் பெரும்பாலும் பத்தாயிரம் அடிக்குக் கீழேதான் பறக்கிறது. அங்கே எழும்பும்போதும் இறங்கும்போதும் மௌனம் என்று வைத்துக்கொள்ளலாம். விமானி கை உயர்த்தினால் பேச்சு நிற்க வேண்டும். தரையில் இதைச் சொல்லிப் பார்க்கும்போதே வாய் ஓயாதவர் யார் என்று தெரிந்துவிடும். அவரையும் விட்டுவிட்டுப் போகலாம்.

கடைசியாக ஒரு வகை மிச்சம் இருக்கிறது. நல்லவர், பேச மாட்டார், அழுத்தம் தர மாட்டார். ஆனால் மறுநாள் காலை பத்தரை முகூர்த்தத்துக்கு எர்ணாகுளத்தில் இருந்தே ஆக வேண்டும், வேறு வழி வைத்திருக்கவில்லை. அவர் ஒன்றும் கேட்காவிட்டாலும் கடிகாரம் கேட்டுக்கொண்டே இருக்கும். இவரிடம் நிபந்தனை ஒன்று போதும். முந்தின ராத்திரி இரணியல் ஸ்டேஷனில் ஏறும்படி ஒரு ரயிலில் முன்பதிவு செய்து வைத்திருக்க வேண்டும், அந்த ரயில் கிளம்பும் நேரத்துக்கு முன்பே மறுநாளைய வானிலையைப் பார்த்துப் பறப்பதா இல்லையா என்று முடிவு சொல்லிவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் ரயில். டிக்கெட்டை ரத்து செய்தால் சில நூறு ரூபாய் நட்டம், அதை விமானியும் பயணியும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம்.